கருமணலும் வெள்ளைப் பொடியும்: டைட்டானியம் நச்சியலின் தென்திருவிதாங்கூர் வரலாறு

நானோ துகள்களின் நச்சுத்தன்மை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ரிச்சர்டு ஃபெய்ன்மன் 1959இல் ஆற்றிய உரையில் தொடங்கும். அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வகங்களைச் சுற்றிவந்து ஓர் எச்சரிக்கையோடு முடியும். அந்த வரலாற்றில் நம் நிலத்துக்கு இடம் இருப்பதில்லை. ஆனால் மனித உயிரணுக்களின் மீது மிக அதிகமாகச் சோதிக்கப்பட்ட உலோகவழி நானோ துகள்களுள் ஒன்றான டைட்டானியம் டை ஆக்சைடின் கதை, நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் தெற்கே கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையோடு நெருங்கிய தொடர்புடையது. உள்ளூர்ப் பெருமை பேசுவதற்காக இதை நினைவூட்டவில்லை. ஒரு பொருள் 'தீங்கற்றது' என்னும் தீர்ப்பு எவ்வாறு உருவாகிறது, எந்த நிலையில் அது செல்லாமற்போகிறது என்பதை இந்த ஒரு பொருளின் வரலாறே தெளிவாகக் காட்டுகிறது. நம் எல்லைக் கிராமங்களிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் சென்று, நானோ துகள் செய்து உயிரணுக்களில் சோதிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு அந்தப் பாடம் இன்று உடனடியாகத் தேவைப்படுகிறது.

டைட்டானியத்தின் கண்டுபிடிப்பே ஒரு கருமணலில் தொடங்கியது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பாதிரியாராக இருந்த வில்லியம் கிரிகர் 1791இல் ஓடைக்கரைக் கரிய மணலை ஆராய்ந்து, அதில் அறியப்படாத ஓர் உலோகம் இருப்பதைக் கண்டார். 1795இல் ஜெர்மானிய வேதியியலர் மார்ட்டின் கிளாப்ரோத் அதற்கு டைட்டானியம் என்று பெயரிட்டார். அதன் பின் நூறாண்டுக்கும் மேலாக அந்த உலோகத்துக்குப் பெரிய தொழிற்பயன் எதுவும் ஏற்படவில்லை.

தென்திருவிதாங்கூர் மணலின் மீது உலகத்தின் பார்வை விழுந்தது வேறொரு கனிமத்தின் பொருட்டு. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை அறிந்தவர்களுக்கு அதன் அன்றைய மதிப்பு புரியும்: எரிவாயு விளக்கின் வெண்ணொளி தோரியம் ஆக்சைடால் வந்தது. 1910இல் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை தொடங்கப்பட்டது. மணலில் மோனசைட்டை விடப் பன்மடங்கு மிகுதியாக இருந்த கரிய இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு, அப்போது ஒதுக்கித் தள்ளப்பட்ட பொருளாகவே இருந்தது.

இல்மனைட்டுக்கு மதிப்பு வந்ததன் காரணம் ஒரு நச்சு. ஐரோப்பாவில் வீட்டுச் சுவர்களுக்கும் சன்னல்களுக்கும் பூசப்பட்ட வெள்ளை வண்ணம் நெடுங்காலமாக ஈயவெள்ளையாக இருந்தது. அதை அரைத்தவர்களும் பூசியவர்களும் வயிற்றுவலியாலும் கைவாதத்தாலும் மூளைப் பாதிப்பாலும் துன்புற்றார்கள். 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈயவெள்ளையைக் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தையே நிறைவேற்றியது. அதற்குச் சற்று முன்னர்தான் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானியம் வெள்ளையைத் தொழில்முறையில் உற்பத்தி செய்யும் முயற்சிகள் வெற்றி பெற்றிருந்தன. டைட்டானியம் டை ஆக்சைடு நீரில் கரைவதில்லை. உடலில் ஈயத்தைப் போல் பரவுவதில்லை. ஒளியைச் சிதறடிக்கும் ஆற்றலில் ஈயவெள்ளையை விட மேலானது. ஈயத்தோடு ஒப்பிட்டபோது அது ஒரு விடுதலை.

இந்த ஒப்பீட்டை வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடு 'செயலற்றது', 'தீங்கற்றது' என்னும் பெயரைப் பெற்றது ஈயத்தின் அருகில் வைத்துப் பார்க்கப்பட்டபோது. அத்தீர்ப்பு அன்றைய பொருளைப் பொறுத்தவரை நியாயமானது. ஆனால் எந்த அளவுத் துகளுக்கு, எந்த வழியாக உடலுக்குள் செல்லும்போது என்ற வரையறைகள் அதில் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் அப்போது எழவில்லை.

1920களில் திருவிதாங்கூர் இல்மனைட் கப்பலேறத் தொடங்கியது. அடுத்த இருபதாண்டுகளில் உலக வெள்ளை வண்ணத் தொழிலின் மூலப்பொருளில் பெரும்பங்கு இக்கடற்கரையிலிருந்து சென்றது. மணலாகச் சென்று பொடியாகத் திரும்பிவரும் நிலையை மாற்றும் நோக்கில், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1946இல் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. திருவனந்தபுரத்தில் கொச்சுவேளிக் கடற்கரையை ஒட்டிய அதன் ஆலை 1951இல் உற்பத்தியைத் தொடங்கியது. இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பெரஸ் சல்பேட்டாகப் பிரித்து நீக்கி, எஞ்சியதைச் சூளையில் சுட்டு வெள்ளைப் பொடியாக்கும் முறை அங்குக் கைக்கொள்ளப்பட்டது. இதற்கிடையே 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. மணவாளக்குறிச்சி மணல் பின்னர் அதன் பொறுப்பில் வந்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தங்கியது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை விழுந்தது. மணவாளக்குறிச்சி மணல் ஒரு மாநிலத்தில், கொச்சுவேளி ஆலை மற்றொரு மாநிலத்தில், இரண்டுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் நம் கிராமங்கள் என்ற நிலை ஏற்பட்டது. இதன் விளைவு இன்றுவரை அறிவுத்தளத்தில் தொடர்கிறது. மணல் அள்ளுவதைப் பற்றிய விவாதம் தமிழில் நடக்கிறது. ஆலையைப் பற்றிய விவாதம் மலையாளத்தில் நடக்கிறது. பொடியின் உயிரியல் விளைவைப் பற்றிய விவாதம் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது.

ஆகவே பேசுபொருளைப் பிரித்துக்கொள்வது நல்லது. கடற்கரை மணலில் உள்ள தோரியத்தின் இயற்கைக் கதிர்வீச்சு ஒரு கேள்வி. ஆலையிலிருந்து கடலில் விடப்பட்ட அமிலக் கழிவும் அதற்கு மீனவ மக்கள் காட்டிய எதிர்ப்பும் இரண்டாவது கேள்வி. வெள்ளைப் பொடியின் துகள் உயிரணுவுக்குள் என்ன செய்கிறது என்பது மூன்றாவது. மூன்றின் காரணங்களும் வேறு, அளக்கும் முறைகளும் வேறு. ஒன்றன் சான்றை மற்றொன்றுக்கு எடுத்துக்காட்டினால் மூன்றும் வலுவிழக்கும். இங்கு நான் எடுத்துக்கொள்வது மூன்றாவதை மட்டுமே.

வண்ணத் தொழிலுக்கு வேண்டிய டைட்டானியம் டை ஆக்சைடுத் துகளின் விட்டம் ஏறத்தாழ 200 முதல் 300 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் சரிபாதி அளவில் இருக்கும்போதுதான் அது ஒளியை நன்கு சிதறடித்து வெண்மையாகத் தோன்றும். துகளை மேலும் சிறிதாக்கினால் வெண்மை மறைந்து ஒளி ஊடுருவும். ஆனால் புறஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை நிலைத்திருக்கும். முகத்தில் வெள்ளைப்பூச்சுத் தெரியாத வெயில்காப்புக் களிம்புகள் இதனால் உருவாயின. 1972இல் ஜப்பானிய அறிவியலர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு நீரைப் பிளக்க உதவுவதைக் காட்டினர். செயலற்றது என்று பெயர்பெற்ற பொருளின் மேற்பரப்பு ஒளியில் வேதிவினைகளை நடத்துகிறது என்பது அங்கேயே வெளிப்பட்டது. வினையூக்கியாகவும் நச்சியல் சோதனைகளிலும் பரவலாகப் பயன்பட்ட 'பி25' என்னும் வணிகப் பொடியின் துகள் ஏறத்தாழ 21 நானோமீட்டர் மட்டுமே.

ஓர் எளிய கணக்கு: 250 நானோமீட்டர் விட்டமுள்ள துகளை, எடை மாறாமல், 25 நானோமீட்டர்த் துகள்களாக ஆக்கினால், ஒரு துகள் ஆயிரம் துகள்களாகும், மொத்த மேற்பரப்பு பத்து மடங்காகும். வேதியியல் வாய்பாடு மாறவில்லை, எடை மாறவில்லை, மூட்டையின் மேல் எழுதிய பெயரும் மாறவில்லை. ஆனால் உயிரணு எதிர்கொள்வது வாய்பாட்டை அன்று; மேற்பரப்பை.

இதை முதலில் உணர்த்தியவை எலிகள். 1985இல் வெளியான ஈராண்டு ஆய்வொன்றில், காற்றில் ஒரு கனமீட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற மிகுந்த அளவில் வண்ணத்தர டைட்டானியம் டை ஆக்சைடைச் சுவாசித்த எலிகளுக்கு நுரையீரல் கட்டிகள் தோன்றின. அவ்வளவு தூசியில் நுரையீரல் தன்னைத் தூய்மைப்படுத்தும் திறனை இழந்துவிடும் என்று அது விளக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபெரின், ஒபர்டோஸ்டர் ஆகியோரின் குழு, 20 நானோமீட்டர்த் துகளையும் 250 நானோமீட்டர்த் துகளையும் எலிகளில் ஒப்பிட்டது. சிறிய துகள் நுரையீரல் திசுவுக்குள் மிகுதியாக ஊடுருவித் தங்கியது, அழற்சியும் மிகுதியாயிற்று. 1995இல் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் ஹைன்ரிக் குழுவினர், ஏறத்தாழ 10 மில்லிகிராம் அளவிலேயே நானோப் பொடி எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்குவதைக் காட்டினர். 250 மில்லிகிராமுக்கும் 10 மில்லிகிராமுக்கும் இடையிலான தொலைவுதான் துகளின் அளவு கொண்டுவந்த வேறுபாடு. 2004, 2005ஆம் ஆண்டுகளில் 'நானோ நச்சியல்' என்னும் துறைப்பெயர் நிலைபெற்றது. 2006இல் லியோன் நகரில் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் குழு, விலங்குச் சான்றுகளைக் கொண்டு டைட்டானியம் டை ஆக்சைடை '2பி' பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில், சேர்த்தது. மனிதரிடம் கிடைத்த சான்று போதாது என்றும் அக்குழு பதிவு செய்தது.

எலியிலிருந்து மனித உயிரணுவுக்கு வருவோம். கொச்சுவேளி ஆலை உற்பத்தியைத் தொடங்கிய அதே 1951இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவர் ஒப்புதல் பெறாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வகத்தில் ஓயாமல் பெருகத் தொடங்கின. 'ஹீலா' எனப்படும் அந்த உயிரணு வரிசை, மனித உயிரணுக்களைத் தட்டில் வளர்த்துச் சோதிக்கும் முறைக்கு வழிதிறந்தது. 1983இல் மோஸ்மன் அறிமுகப்படுத்திய எம்.டி.டி. சோதனை அதை எளிதாக்கியது: உயிருள்ள உயிரணு மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், நிறத்தின் செறிவை அளந்தால் உயிரோடிருப்பவற்றின் விகிதம் கிடைக்கும். மலிவானது, விரைவானது. இன்று நம் கல்லூரி ஆய்வகங்களில் நச்சுத்தன்மை என்றாலே எம்.டி.டி. என்றாகிவிட்டது.

ஆனால் உயிரணு சாவதும் சாகாமல் இருப்பதும் மட்டுமே விடையன்று. இதற்குச் சிறந்த சான்றொன்று இந்தியாவிலிருந்தே வந்தது. இலக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆய்வு நிறுவனத்தில் அலோக் தவான் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 'ஏ431' என்னும் மனித மேற்தோல் உயிரணு வரிசை டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகளுக்கு ஆட்படுத்தப்பட்டது. எம்.டி.டி. சோதனையில் 48 மணி நேரத்துக்குப் பின்னும் மிதமான பாதிப்பே தெரிந்தது. ஆனால் மில்லிலிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம் என்ற குறைந்த அளவில், ஆறே மணி நேரத்தில், டி.என்.ஏ.வில் ஆக்சிஜனேற்றச் சிதைவு பதிவாயிற்று. உயிரணு சாகவில்லை, அதன் மரபுப்பொருள் காயமுற்றிருந்தது. செத்த உயிரணு புற்றுநோயாக மாறாது. காயத்தோடு உயிர்வாழும் உயிரணுவுக்கே அந்த வாய்ப்பு உண்டு. எம்.டி.டி. ஒன்றை மட்டும் செய்து 'நச்சற்றது' என்று எழுதுவோர் இந்த ஆய்வைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

உலோகத்துக்கு உலோகம் வழியும் வேறுபடும். 2008இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல்சன் குழுவினர் பல உலோக ஆக்சைடு நானோ துகள்களை மனித நுரையீரல் உயிரணு வரிசையில் ஒப்பிட்டனர். தாமிர ஆக்சைடு மிகக் கொடிய விளைவைக் காட்டியது. துத்தநாக ஆக்சைடு உயிரணுக்களைக் கொன்றதோடு டி.என்.ஏ.வையும் சிதைத்தது. டைட்டானியம் டை ஆக்சைடு டி.என்.ஏ.வை மட்டும் பாதித்தது. இரும்பு ஆக்சைடுகளின் விளைவு குறைவு அல்லது இல்லை எனலாம். துத்தநாகம், தாமிரம், வெள்ளி ஆகியவற்றின் துகள்களை உயிரணு விழுங்கியபின், அதன் உட்புற அமிலப் பைகளில் அவை கரைந்து அயனிகளை வெளிவிடுகின்றன. வெளியிலிருந்து எளிதில் நுழைய முடியாத உலோக அயனியைத் துகள் உள்ளேயே கொண்டுபோய்க் கொட்டுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு அவ்வாறு கரைவதில்லை. அதன் மேற்பரப்பே வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தோற்றுவித்து இழைமணிகளையும் மரபுப்பொருளையும் தாக்குகிறது. ஆகவே 'உலோக நானோ துகள்களின் நச்சுத்தன்மை' என்று எல்லாவற்றையும் ஒரே தொடரில் அடக்குவது வசதியே தவிர, அறிவியல் அன்று.

உயிரணுத் தட்டின் முடிவை மனித உடலுக்கு எடுத்துச் செல்வதில் மற்றொரு சிக்கல் உண்டு. 96 குழித் தட்டில் ஒரு குழியின் அடிப்பரப்பு ஏறத்தாழ 0.32 சதுர சென்டிமீட்டர். அதில் 0.1 மில்லிலிட்டர் ஊடகம் ஊற்றி, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற அளவில் துகளைச் சேர்த்தால், குழியில் உள்ளது 10 மைக்ரோகிராம். அது முழுதும் அடியில் படிந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 31 மைக்ரோகிராம். மனித நுரையீரலின் காற்றறைப் பரப்பு ஏறத்தாழ 100 சதுர மீட்டர். அதே அடர்த்தியில் பொடியைப் பரப்ப 31 கிராம் வேண்டும். அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் 2011இல் மிகநுண் டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பரிந்துரைத்த வரம்பு, காற்றில் கனமீட்டருக்கு 0.3 மில்லிகிராம். ஒரு பணிநேரத்தில் ஏறத்தாழ 10 கனமீட்டர்க் காற்றைச் சுவாசிக்கும் தொழிலாளி அந்த வரம்பில் 3 மில்லிகிராமை உள்ளிழுப்பார். அனைத்தும் நுரையீரலிலேயே தங்கிவிடுவதாகக் கொண்டாலும், 31 கிராம் சேர பத்தாயிரம் பணிநாள்கள், அதாவது முப்பது ஆண்டுகளுக்கும் மேல், ஆகும். உண்மையில் பெரும்பகுதி வெளியேறிவிடும். நாம் தட்டில் ஒரே நாளில் கொட்டும் அளவு அத்தகையது.

இதிலிருந்து 'தட்டுச் சோதனைகள் பயனற்றவை' என்று முடிவுகட்டுவது தவறு. தட்டு, துகள் எந்த வழியில் தாக்குகிறது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு ஆபத்து என்பதைத் தனித்து நின்று சொல்வதில்லை. 2011இன் அதே பரிந்துரையில் பெரிய துகளுக்கு 2.4 மில்லிகிராம், மிகநுண் துகளுக்கு 0.3 மில்லிகிராம் என எட்டு மடங்கு வேறுபாடு வைக்கப்பட்டது. ஈயவெள்ளைக் காலத்துத் தீர்ப்பில் விடுபட்ட 'எந்த அளவு' என்ற வரையறை அங்கு எண்ணாக எழுதப்பட்டது.

நம் கல்லூரிகளில் நடப்பதற்கு வருவோம். 2004இல் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்க நானோ துகள்களை உருவாக்கிக் காட்டினர். விலையுயர்ந்த கருவிகளோ கடும் வேதிப்பொருள்களோ வேண்டாத அம்முறை, வசதி குறைந்த ஆய்வகங்களுக்குப் பெரிய வாய்ப்பைத் திறந்தது. அதன்பின் தமிழகத்திலும் கேரளத்திலும் துளசி, ஆடாதோடை, கீழாநெல்லி எனக் கைக்கெட்டிய மூலிகை ஒவ்வொன்றும் வெள்ளி நானோ துகளாக மாறியது. ஆய்வேடுகளின் அமைப்பும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது: இலைச்சாறு, நிறமாற்றம், நுண்ணோக்கிப் படம், பாக்டீரியச் சோதனை, இறுதியில் 'எம்.சி.எஃப்-7' மார்பகப் புற்று உயிரணுக்களில் எம்.டி.டி. உயிரணுக்கள் செத்தன, ஆகவே துகள் புற்றுநோய் எதிர்ப்புத் தன்மை உடையது.

இதே தரவை நச்சியல் இதழுக்கு அனுப்பினால், உயிரணுக்கள் செத்தன, ஆகவே துகள் நச்சுடையது என்று அது வாசிக்கப்படும். நிகழ்வு ஒன்று, தலைப்புகள் இரண்டு. 2009இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆஷாராணி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாற்றான முன்மாதிரி. மாவுப்பொருள் பூசிய வெள்ளி நானோ துகளை அவர்கள் மனித நுரையீரலின் இயல்பான நார்முன் உயிரணுக்களிலும் மூளைப் புற்று உயிரணுக்களிலும் ஒருசேரச் சோதித்தனர். இரண்டிலும் இழைமணிகள் பாதிக்கப்பட்டன, இரண்டிலும் டி.என்.ஏ. சிதைந்தது, புற்று உயிரணுக்களில் அச்சிதைவு கூடுதலாக இருந்தது. அந்தக் 'கூடுதல்' என்ற சொல்லை எழுதும் உரிமை, இயல்பான உயிரணுவையும் அருகில் வைத்துச் சோதித்தவருக்கே உண்டு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்காமல் மருந்து என்று பெயரிடுவது, ஈயத்தோடு மட்டும் ஒப்பிட்டு டைட்டானியத்தைத் தீங்கற்றது என்று பெயரிட்ட அதே பழைய வழக்கம்.

'பசுமை முறை' என்னும் அடைமொழியும் அத்தகையதே. இலைச்சாற்றில் விளைந்த வெள்ளி, வெள்ளிதான். உயிரணுவுக்குள் கரையும்போது அது வெள்ளி அயனியைத்தான் வெளிவிடும். தயாரிப்பு முறை சுற்றுச்சூழலுக்கு இணக்கமானது என்பது, தயாரிக்கப்பட்ட பொருள் உயிரணுவுக்கு இணக்கமானது என்பதற்குச் சான்றாகாது.

நம் பகுதிக்கு இது மேலும் நெருக்கமான கேள்வி. தென்திருவிதாங்கூர் சித்த மருத்துவமும் வர்மமும் தழைத்த நிலம். பாறசாலைக்குத் தெற்கே, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பற்பங்களிலும் செந்தூரங்களிலும் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டியுள்ளன. உடனே ஒரு சாரார், 'சித்தர்கள் நானோ அறிவியலை அன்றே அறிந்திருந்தனர். ஆகவே பாதுகாப்பானது' என்கின்றனர். மறு சாரார், 'உலோகம், அதுவும் நானோ; ஆகவே நஞ்சு' என்கின்றனர். அளவு என்ற ஒற்றைச் செய்தியிலிருந்து இவ்விரு முடிவுகளில் எதுவும் பிறக்காது. எந்தச் சேர்மம், எவ்வளவு கரைகிறது, எந்த அளவில் உட்கொள்ளப்படுகிறது என்பவை தெரியவேண்டும். 2008இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, இணையவழி விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக்கைக் கண்டது. அங்கு எழுந்த அச்சம் நானோ பற்றியதன்று. எந்த உலோகம், எவ்வளவு என்பது பற்றியது. மரபு மருத்துவத்தை மதிப்பவர்கள்தாம் அத்தகைய அளவீடுகளை முன்னின்று கேட்க வேண்டும்.

பொருத்தமான சோதனைமுறையைத் தேடுவதில் திருவனந்தபுரத்துக்கும் பங்குண்டு. பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு, உடலுக்குள் பொருத்தும் கருவிகளின் உயிரிணக்கத்தைப் பல்லாண்டுகளாகச் சோதித்துவருகிறது. அதன் நச்சியல் ஆய்வாளர்கள் நானோ துகள்களையும் ஆராய்ந்துள்ளனர். திண்ம டைட்டானியம் எலும்பில் பொருத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் உடலோடு ஒன்றியிருக்கிறது. அத்தகைய திண்மப் பொருள்களுக்காக வகுக்கப்பட்ட சோதனைமுறையில், பொருளை ஊறவைத்த நீரை உயிரணுக்களில் இட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. நானோ துகளுக்கு அது போதாது. ஊறல்நீர் மட்டுமன்றித் துகளே உயிரணுவுக்குள் செல்கிறது. பன்னாட்டுத் தர அமைப்பு நானோ பொருள்களுக்கெனத் தனி வழிகாட்டுதலை 2017இல் வெளியிட வேண்டியதாயிற்று. ஒரே உலோகத்துக்கு, வடிவம் மாறியதும், சோதனையின் இலக்கணமே மாற்றி எழுதப்பட்டது.

தீர்ப்புகளோ இன்னும் ஒன்றுபடவில்லை. உணவுக்கு வெண்மையூட்டும் 'இ171' என்ற டைட்டானியம் டை ஆக்சைடு பற்றி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதத்தில், மரபணுவைச் சிதைக்கும் வாய்ப்பை மறுக்க இயலாததால் அதைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்றது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடைசெய்தது. உலக நலவாழ்வு அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு 2023இல் சான்றுகளை ஆய்ந்து, அன்றாட உட்கொள்ளலுக்கு எண்வரம்பு தேவையில்லை என்ற தன் பழைய நிலையை உறுதிசெய்தது. ஒரு குழு 'மறுக்க இயலவில்லை' என்ற இடத்தில் நின்றது; மற்றொன்று 'நிறுவப்படவில்லை' என்ற இடத்தில் நின்றது. இரண்டும் ஒன்றல்ல என்பதை மாணவர்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல்கள் 2019இல் வெளிவந்தன.

இந்த வரலாற்றிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் தம் மேசைக்கு எடுத்துச்செல்ல வேண்டியவை சிலவே. துகளின் அளவு, படிக வடிவம், மேற்பூச்சு ஆகிய மூன்றையும், உலர்ந்த நிலையில் மட்டுமன்றி வளர்ப்பு ஊடகத்திலும் அளந்து எழுதுங்கள்; குருதிநீர்ப் புரதங்கள் ஒட்டிய துகள் வேறு துகள். அளவை மில்லிலிட்டரோடு நிறுத்தாமல் சதுர சென்டிமீட்டரிலும் தாருங்கள். வெள்ளியோ துத்தநாகமோ ஆனால், அதே அளவு அயனியைத் தனியே இட்டு ஒப்பிடுங்கள். துகளே சாயத்தோடு வினைபுரிந்தோ ஒளியைத் தடுத்தோ எம்.டி.டி. அளவீட்டைத் திரிக்கக்கூடும், உயிரணு இல்லாத குழியில் துகளை மட்டும் இட்டுச் சரிபாருங்கள். பாக்டீரிய அகநச்சு கலந்திருக்கிறதா எனச் சோதியுங்கள். இயல்பான உயிரணு இல்லாமல் 'புற்றெதிர்ப்பு' என்று எழுதாதீர்கள். டி.என்.ஏ. சோதனை இல்லாமல் 'நச்சற்றது' என்றும் எழுதாதீர்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கருவி வேண்டியதில்லை. சில கூடுதல் குழிகளும் கூடுதலாக ஒரு வாரமும் போதும்.

இவையனைத்துக்கும் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். ஈயவெள்ளையின் நச்சை முதலில் அறிவித்தது எந்த ஆய்வகமும் அன்று. வண்ணம் பூசியவர்களின் தளர்ந்த கைகள். நானோப் பொடியைப் பொறுத்தவரை அந்த வரிசையை மாற்றும் வாய்ப்பை உயிரணுத் தட்டு நமக்குத் தந்திருக்கிறது: தொழிலாளியின் நுரையீரல் சொல்வதற்கு முன்னரே கேட்டறியலாம். பொடியை மூட்டை கட்டுபவரும், பழைய வண்ணச்சுவரைச் சுரண்டித் தேய்ப்பவரும், ஆய்வகத்தில் முகக்கவசமின்றி உலர்ந்த நானோப் பொடியை எடைபோடும் முதலாண்டு மாணவரும் அந்தப் பதிலுக்குக் காத்திருப்பவர்களே. அவர்களில் பலர் தமிழிலோ மலையாளத்திலோ மட்டும் படிக்கக்கூடியவர்கள். சோதனையைச் சரியாகச் செய்வதோடு, அதன் முடிவை அவர்களுடைய மொழியில், கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவதும் நம் கடமையின் பகுதியாகிறது. கருமணல் இங்கிருந்து சென்றது. அதிலிருந்து பிறந்த பொடியைப் பற்றிய அறிவும் இங்குள்ளவர்களின் கைக்கு வந்துசேர வேண்டும்.